நாலாவது சீட்



மும்பை லோக்கல் ரயிலில் ஒரு பெஞ்சு. மூன்று பேர் உட்காருவதற்காகச் செய்தது, மூன்று பேர் உட்கார்ந்தும் இருக்கிறார்கள். நாலாவதாக ஒருவர் வந்து நிற்கிறார். வாய் திறந்து கேட்பதுகூட இல்லை, விரலை லேசாக அசைக்கிறார். பேப்பர் படிப்பவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே ஜன்னல் பக்கம் நகர்கிறார். நடுவில் இருப்பவர் நகர்கிறார். ஓரத்துக்காரரும் நகர்கிறார். ஒரு சாண் இடம் பிறக்கிறது. அந்த ஒரு சாணில் நாலாமவர் பாதி உடம்பை வைத்து, ஒரு காலை வழியில் ஊன்றி உட்கார்ந்துவிடுகிறார். நன்றி சொல்வதில்லை. யாரும் அதை எதிர்பார்ப்பதும் இல்லை.

இதற்கு அங்கே ‘சௌத்தி சீட்’ என்று பெயர். நாலாவது சீட். மும்பையில் என்ன பார்க்கலாம் என்று கேட்டால் கேட்வே, எலிபெண்டா, மெரைன் டிரைவ் என்று அடுக்குவார்கள். நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் முதல் தடவை போனபோது எனக்குக் கிடைத்த அந்த ஒரு சாண் இடத்திலிருந்துதான் அந்த ஊர் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. ஆகவே உங்களையும் அங்கேயே உட்கார வைத்துக் கூட்டிப்போகிறேன். கொஞ்சம் இடிக்கும்.

சென்னையிலிருந்து விமானத்தில் போனால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். நான் ரயிலைத்தான் சொல்வேன். ஏறக்குறைய 1,280 கிலோமீட்டர். ரேணிகுண்டா, குந்தக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் என்று வெயிலில் வெந்த நிலமாகவே வரும். புனே தாண்டி லோனாவாலா வந்ததும் காட்சி மாறிவிடும். பிளாட்பாரத்தில் ‘சிக்கி, சிக்கி’ என்று கூவுவார்கள். நம் கடலைமிட்டாயின் அக்காள் தங்கை. அங்கிருந்து கர்ஜத் வரை 28 கிலோமீட்டர், போர் காட் என்னும் மலைச்சரிவு. 1863இல் திறந்த பாதை இது. குகைக்குள் நுழைவதும் வெளியே வருவதுமாக, ரயில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கும். மழைக்காலமானால் ஜன்னலுக்கு எதிரே அருவி ஒழுகும். மும்பைக்குள் அப்படித்தான் இறங்க வேண்டும், தக்காணத்து மாடியிலிருந்து படியிறங்குகிற மாதிரி.

கல்யாண் வந்துவிட்டால் தண்டவாளங்கள் பெருகிக்கொண்டே போகும். பக்கத்துத் தடத்தில் லோக்கல் ரயில், திறந்த வாசலில் ஆட்கள் கொத்துக் கொத்தாக. அடுத்து தானே. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து இந்தத் தானேவுக்குத்தான் வந்தது, 34 கிலோமீட்டர். அந்தப் போரிபந்தர் இருந்த இடத்தில் பிறகு எழுந்த மாளிகைதான் விக்டோரியா டெர்மினஸ். இன்றைக்கு அது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். டாக்ஸிக்காரரிடம் ‘வி.டி.’ என்றாலும் புரியும், ‘சி.எஸ்.எம்.டி.’ என்றாலும் புரியும்.

இறங்கியதும் வெளியே ஓடிவிடாதீர்கள். எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து, 1878இல் ஆரம்பித்துப் பத்து வருஷம் கட்டியது. வாசல் தூணில் ஒரு பக்கம் சிங்கம், மறு பக்கம் புலி. சிங்கம் இங்கிலாந்தாம், புலி நாமாம். மேலே பார்த்தால் மயில், குரங்கு, இலை, கொடி என்று கல்லில் ஒரு காடே இருக்கிறது. பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்கள் செதுக்கியவை. கீழே ஓடுகிற ஜனத்தில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவர்களுக்கு 8.12 லோக்கலைப் பிடிக்க வேண்டும். 2004இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் இருப்பவற்றில் இவ்வளவு அவசரமாக ஆள் நுழைந்து வெளியேறும் கட்டடம் வேறு இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது அந்த நாலாவது சீட்டுக்கு வருகிறேன். இந்த ஊரே அப்படி உட்கார்ந்த ஊர். கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மசகான், பரேல், வோர்லி, மாஹிம். ஏழும் தனித்தனித் தீவுகள். நடுவில் சேறும் உப்புத் தண்ணீரும். ஆதியில் இங்கே இருந்தவர்கள் கோலிகள் என்னும் மீனவர்கள். அவர்கள் கும்பிட்ட மும்பாதேவிதான் ஊருக்குப் பெயர் தந்தவள். 1661இல் போட்ட கல்யாண ஒப்பந்தப்படி, போர்ச்சுகல் இளவரசியைக் கட்டிக்கொண்ட இங்கிலாந்து அரசன் இரண்டாம் சார்லஸுக்கு இந்தத் தீவுகள் சீதனமாகப் போயின. அவன் 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டான். வருஷத்துக்குப் பத்து பவுன். இன்றைக்கு அங்கே ஃபிளாட் வாங்கி மாசத் தவணை கட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கடலைப் பார்த்து ‘கொஞ்சம் தள்ளிக்கோ’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். 1780களில் ஹார்ன்பி என்ற கவர்னர் காலத்தில் வோர்லிப் பக்கம் கடல் புகுந்த வாயை அடைத்தார்கள். 1838இல் கொலாபாவுக்குக் கரைவழி போட்டு ஏழையும் சேர்த்துவிட்டார்கள். 1845இல் மாஹிமையும் பாந்திராவையும் இணைத்த பாதைக்குப் பணம் தந்தவர் லேடி ஜம்ஷெட்ஜி என்ற பார்சிச் சீமாட்டி. போகிறவர் வருகிறவரிடம் சுங்கம் வாங்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அந்தத் தரைப்பாலத்தில் இன்றைக்கும் சும்மாதான் போகலாம். பக்கத்தில் 2009இல் வந்த கடல் பாலம் இருக்கிறதே, 5.6 கிலோமீட்டர், பார்க்க அவ்வளவு அழகு. அதில் காசு கொடுத்துத்தான் போக வேண்டும்.

கோலிகள் எங்கே போனார்கள்? எங்கேயும் போகவில்லை. விடிவதற்கு முன் எழுந்து கொலாபாவில் சசூன் டாக்குக்குப் போங்கள். 1875இல் வெட்டிய துறை. நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். தரையெல்லாம் ஐஸ் தண்ணீரும் மீன் ரத்தமும். ஒன்பது கஜம் புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிய பெண்கள் ஏலத்தில் நிற்கிறார்கள். அவர்கள் பேரம் பேசும்போது துறைமுகத்துக் காக்காய்களே வாயை மூடிக்கொள்ளும். கூடையைக் குனிந்து பார்த்தேன். எல்லாம் நமக்குத் தெரிந்த முகங்கள், பெயர்தான் வேறு. நம் வஞ்சிரம் அங்கே சுர்மாயி. வாவல், பாப்லெட். இறால், கோளம்பி. தெரியாத முகம் ஒன்றே ஒன்று: பொம்பில். ஆங்கிலத்தில் பம்பாய் வாத்து என்பார்களே, அதுதான். வாத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விரலை வைத்தால் வழுக்கிப்போகும், எலும்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். ரவையில் புரட்டி வறுத்துத் தந்தார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஏதோ பாலாடை மாதிரி. இரண்டாவது தட்டு சொல்லும்போது நான் சைவ நண்பரோடு வந்திருப்பது ஞாபகம் வந்தது.

சசூன் டாக்கிலிருந்து கேட்வே ஆஃப் இந்தியா அதிக தூரமில்லை. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் வந்து இறங்கியதன் ஞாபகமாக எழுப்பியது, முடிந்ததென்னவோ 1924இல். வந்த ராஜா பார்த்தது அட்டையில் செய்த மாதிரியைத்தான். 1948 பிப்ரவரி 28 அன்று கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு இதே வளைவின் வழியாக நடந்து போய்க் கப்பலேறியது. அந்தச் செய்தி தெரிந்தபிறகு எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. மற்றபடி அங்கே போட்டோக்காரர்களும் புறாக்களும்தான்.

அதன் படித்துறையில்தான் எலிபெண்டாவுக்குப் படகு. திங்கட்கிழமை குகை மூடியிருக்கும், மறந்துவிடாதீர்கள். கடலில் ஒரு மணி நேரப் பயணம், பத்து கிலோமீட்டர் அளவில். தாஜ் ஹோட்டலும் கேட்வேயும் பின்னால் தீப்பெட்டியாகச் சுருங்கிக்கொண்டே போகும். எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரமிட்டுத் தூங்கும். தீவின் ஊர்ப்பெயர் காராப்புரி. போர்ச்சுகீசியர் வந்தபோது கரையில் ஒரு கல் யானை நின்றதாம், அதனால் எலிபெண்டா. அந்த யானையைத் தேடாதீர்கள், அங்கே இல்லை. ஆங்கிலேயர்கள் பெயர்த்துக் கொண்டுபோகப் பார்த்து உடைந்துபோய், ஒட்ட வைத்து, இப்போது பைகுல்லா தோட்டத்து மியூசியத்தை ஒட்டி நிற்கிறது. பெயர் தீவில், யானை ஊருக்குள்.

படகை விட்டு இறங்கி, கடைகளுக்கு நடுவே 120 படி ஏற வேண்டும். வழியில் குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும். குகைக்குள் நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு இருட்டுதான். பெரும்பாலானவர்கள் அப்போதே ஃபிளாஷைப் போட்டு நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தூணில் சாய்ந்து ஐந்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். முதலில் தூண்களின் வரிசை தெரியும். பிறகு எதிர்ச்சுவரில் இருட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டு ஒரு கீழுதடு ஆகும். மூடிய இமை ஆகும். ஏறக்குறைய 18 அடி உயரத்தில் சதாசிவனின் மூன்று முகங்கள், மார்பளவில். நமக்கு இடது கைப்பக்கம் மீசை வைத்த அகோர முகம், கையில் பாம்பு. வலது கைப்பக்கம் பெண்மை கனிந்த முகம், கையில் தாமரை. நடுவில் இருப்பவர் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை, நம்மையும் கவனிக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். நம் மாமல்லபுரத்துக் குகைகளுக்கு மூத்தது. மற்ற சிற்பங்களில் பலவற்றுக்குக் கை இல்லை, கால் இல்லை. அர்த்தநாரியும் கங்காதரனும் பக்கத்திலேயே நிற்கிறார்கள், பாதி உடைந்து. இந்த மூன்று முகம் மட்டும் எப்படியோ தப்பித்திருக்கிறது.

திரும்பி வந்த அன்று மாலைதான் எனக்கு ஒரு சம்பவம் நடந்தது. சர்ச்கேட்டில் ஏறி தாதரில் இறங்க வேண்டும். மணி ஆறே கால். கூட்டம் குறைவாகத் தெரிந்த வண்டியில் பாய்ந்து ஏறினேன். விரார் ஃபாஸ்ட். சர்ச்கேட்டிலிருந்து விரார் அறுபது கிலோமீட்டர். மாலையில் அந்த வண்டி விரார்க்காரர்களுக்கு. தாதருக்குப் போகிறவன் அதில் ஏறுவது அவர்கள் சாஸ்திரத்தில் குற்றம். உள்ளே தள்ளப்பட்டு நடுவில் போய் நின்றேன். ஒலிபெருக்கி மூன்று மொழியில் சொல்கிறது: ‘புடீல் ஸ்டேஷன் தாதர்’ என்று மராத்தியில், ‘அக்லா ஸ்டேஷன் தாதர்’ என்று இந்தியில், பிறகு ஆங்கிலத்தில். மூன்றும் எனக்குப் புரிகிறது. நகரத்தான் முடியவில்லை. தாதர் வந்தது. இறங்க வழி கேட்டுக் கையை நீட்டுவதற்குள் வெளியிலிருந்து ஒரு அலை உள்ளே வந்து என்னை இன்னும் இரண்டடி பின்னுக்குத் தள்ளியது. வண்டி புறப்பட்டுவிட்டது.

பக்கத்தில் நின்றவர் என் முகத்தைப் பார்த்தார். ‘எங்கே இறங்கணும்?’ என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு நாலைந்து பேர் கூடி என் விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷனிலேயே வாசலுக்கு நகர ஆரம்பிக்க வேண்டும். முன்னால் நிற்பவரிடம் ‘இறங்குகிறீர்களா?’ என்று கேட்க வேண்டும், இல்லை என்றால் அவரோடு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். பையை முதுகில் மாட்டக் கூடாது, மார்பில் மாட்ட வேண்டும். பாடம் சொல்லிக்கொண்டே என்னைக் கைமாற்றிக் கைமாற்றி வாசல் பக்கம் கடத்தினார்கள், கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி போவது மாதிரி. அந்தேரியில் பிளாட்பாரத்தில் என் கால் பட்டபோது உள்ளே யாரோ ‘உதர் கயா’ என்று அறிவித்தார்கள். இறங்கிட்டான்.

ஆகவே, நேயர்களே, காலையில் தெற்கே போகும் வண்டிகளும் மாலையில் வடக்கே போகும் வண்டிகளும் உங்களுக்கு வேண்டாம். பதினோரு மணியிலிருந்து நாலு மணிக்குள் போய்வாருங்கள். ஐந்து ரூபாயிலிருந்து டிக்கெட். உட்கார்ந்திருப்பவர் யாராவது ‘எங்கே இறங்குவீர்கள்?’ என்று உங்களைக் கேட்டால் ஊர்விசாரணை என்று நினைக்காதீர்கள், உங்கள் இடத்துக்கு முன்பதிவு செய்கிறார். ஆட்டோ பாந்திரா, சயான் வரைக்கும்தான், அதற்குத் தெற்கே கறுப்பு மஞ்சள் டாக்ஸி. இப்போது பூமிக்கடியில் மெட்ரோவும் ஓடுகிறது. ஏ.சி., சுத்தம், அமைதி. எல்லாம் சரி. ஜன்னலுக்கு வெளியே சுவர்.

தங்குவதற்குத் தெற்குப் பகுதி விலை அதிகம். தாதர், மாதுங்கா, சயான் பக்கம் பாருங்கள். மாதுங்காவில் காலையில் தெருவில் நடந்தால் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது குழம்பும். தொடுத்த மல்லிகை முழம் போட்டு விற்கிறார்கள். வாழை இலை, சேப்பங்கிழங்கு, வறுத்து அரைத்த காபிப்பொடி வாசனை. 1896இல் பிளேக் வந்து ஊரைக் கலைத்தபிறகு நெரிசலைக் குறைக்க அரசாங்கம் போட்ட புதுக் குடியிருப்புகளில் இதுவும் ஒன்று. அங்கே வந்து தங்கிய தென்னிந்தியர்கள் 1932இல் கல்விச் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். கஃபே மெட்ராஸில் ஞாயிற்றுக்கிழமை காலை போனால் தெருவில் காத்திருந்துதான் சாப்பிட வேண்டும். வேறு ஊருக்குப் போய் இட்லியா என்று கேட்பீர்கள். மூன்றாம் நாள் காலையில் உங்களுக்கே தெரியும்.

மாதுங்காவுக்குப் பக்கத்திலேயே தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் இருக்கும் இடம். 90 அடிச் சாலையில் தமிழ்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். காலையில் மும்பைத் தெருக்களில் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு இட்லி விற்கிறார்களே, அந்த இட்லியில் பெரும்பகுதி இங்கேதான் வேகிறது. வறுமையைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று கூட்டிப்போகிறவர்கள் உண்டு. அப்படிப் போக எனக்கு மனம் வரவில்லை. தோல் பை வாங்கப் போங்கள், குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் பானை வாங்கப் போங்கள். வாங்கப் போனால் நீங்கள் விருந்தாளி, வேடிக்கை பார்க்கப் போனால் வேறு.

சாப்பாட்டில் இரண்டே இரண்டு சொல்கிறேன். ஒன்று வடாபாவ். பாவ் போர்ச்சுகீசியர் விட்டுப்போன ரொட்டி, உள்ளே நம் உருளைக்கிழங்கு போண்டா மாதிரி ஒன்று, பூண்டுப் பொடி, உப்பில் புரட்டிய பொரித்த பச்சை மிளகாய். 1966 வாக்கில் தாதர் ஸ்டேஷன் வாசலில் அசோக் வைத்யா என்பவர் ஆரம்பித்ததாகச் சொல்கிறார்கள். மில் தொழிலாளி நடந்துகொண்டே தின்பதற்கென்று பிறந்த பண்டம். மில்கள் போய்விட்டன. சில மில் வளாகங்களில் இப்போது துணிக்கடைகளும் சினிமாக் கொட்டகைகளும். வடாபாவ் இருக்கிறது.

இன்னொன்று இரானி கடை. ஈரானிலிருந்து வந்தவர்கள் தெருமுக்கில் திறந்த டீக்கடைகள். முக்குக்கடை ராசியில்லை என்று மற்றவர்கள் ஒதுக்கியதை அவர்கள் எடுத்துக்கொண்டதாகக் கதை. 1904இல் தொடங்கிய கியானி இன்னும் இருக்கிறது. பளிங்கு மேஜை, வளைந்த மரநாற்காலி, பன் மஸ்கா. பன்னை டீயில் தோய்த்துத் தின்ன வேண்டும், வெண்ணெய் டீயின் மேலே பொட்டுப் பொட்டாக மிதக்கும். அதைப் பார்த்து முகம் சுளித்தால் நீங்கள் புதுசு என்று தெரிந்துவிடும். தெருக்கடையானால் ‘கட்டிங்’ என்று கேளுங்கள், அரை கிளாஸ் டீ வரும். ஒரு டீயை இரண்டாக்கிக் குடிக்கிற பழக்கம். அதிலும் நாலாவது சீட்டுதான்.

போவதற்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம் என்று எல்லாரும் சொல்வார்கள், சரிதான். எனக்குப் பிடித்தது மழை. ஆனால் அந்த மழையோடு விளையாட முடியாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. மழைமாதங்களில் எலிபெண்டா படகு பல நாள் ஓடாது, ரயில் தண்ணீரில் நின்றுவிடும். ஹாஜி அலி தர்காவுக்கு எந்தக் காலத்தில் போனாலும் அலை நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். கடலுக்குள் போகும் அந்த நடைபாதை ஏற்றத்தில் மூழ்கிவிடும். நகர்ந்து கொடுத்த கடல் தினம் இரண்டு தடவை வந்து தன் இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறது.

கடைசி மாலையை மெரைன் டிரைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கடலை நிரப்பி எடுத்த நிலம்தான். வளைந்து போகும் தாழ்ந்த சுவர், கீழே அலையை உடைக்க நாலுகால் கான்கிரீட் கட்டிகள், சாலைக்கு அந்தப் பக்கம் 1930, 40களின் உருண்டை பால்கனி வீடுகள். அந்தச் சுவரில் கடலைப் பார்த்து உட்காருகிறவர்கள் யாரும் பேசிக்கொள்வதில்லை. காதலர்கள், பரீட்சையில் தோற்ற பையன், ஆபீஸ் பையோடு ஒரு அம்மாள், வீட்டுக்குப் போக மனமில்லாத ஒரு பெரியவர். ஒரே அறையில் ஆறு பேர் வாழ்கிற ஊரில் தனியாக இருக்கக் கிடைக்கும் இடம் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் இந்தச் சுவர். விளக்குகள் ஏற்றியபிறகு அதை ராணியின் நெக்லஸ் என்கிறார்கள். அந்தப் பெயருக்கு மலபார் ஹில் மேலிருந்து பார்க்க வேண்டும். சுவரில் உட்கார்ந்தால் நெக்லஸ் தெரியாது, இருட்டும் அலைச் சத்தமும்தான். நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

திரும்பும் ரயில் கர்ஜத்தில் நிற்கும். மலை ஏறுவதற்குப் பின்னால் தள்ளும் என்ஜின்களை அங்கே கோப்பார்கள், நாலைந்து நிமிஷம் ஆகும். அதற்குள் கூடைக்காரர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் வடாபாவ் நீட்டுவார்கள். சில்லறையைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டாக வாங்கிவிடுங்கள், எதிர் சீட்டுக்காரருக்கும் சேர்த்து. என்ஜின் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளும், அப்போது மிளகாய் மடியில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.